பலகை மாறினால் போதுமா?

2025ஆம் ஆண்டு விடைபெற்றுச் சென்றது. அவ்வாண்டிலே நம் ஊர்களில் பேசப்பட்டவை பலப்பல. சாலை கேட்டனர், குடிநீர் கேட்டனர், பட்டா கேட்டனர். ஆனால் என் நெஞ்சைவிட்டு நீங்காதது ஒரு சொல் பற்றிய பேச்சு. 'காலனி' என்பதே அச்சொல்.

ஏப்ரல் 29ஆம் நாள், ஆதிக்கத்தின் அடையாளமாகவும் தீண்டாமையின் குறியீடாகவும் ஆகிவிட்ட அச்சொல், அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்திலே அறிவித்தார். தெருவுக்கும் குளத்துக்கும் குடியிருப்புக்கும் ஒட்டியிருந்த சாதிப் பெயர்களை அகற்ற அக்டோபரில் அரசாணையும் பிறந்தது.

"பெயரை மாற்றினால் பிழைப்பு மாறுமா?" என்று எள்ளி நகையாடினர் சிலர். பெயரிலே ஒன்றுமில்லை என்றால், அதை எடுப்பதற்கு ஏன் இத்தனை எரிச்சல்?

பட்டணத்திலே அதிகாரிகள் குடியிருக்குமிடம் காலனி. அங்கே அச்சொல் மனையின் விலையை உயர்த்தும். அழைப்பிதழில் முகவரியாக மின்னும். பட்டிக்காட்டிலோ, ஊரை விட்டு ஒதுக்கப்பட்டோர் வாழுமிடம் காலனி. எழுத்து ஒன்றே, ஒலி ஒன்றே. ஒருவனை நிமிர வைக்கும் சொல் மற்றொருவனைக் குனிய வைக்கிறது. சாதியின் சூதைக் காட்ட வேறு சான்றும் வேண்டுமோ!

சிற்றூர் ஒன்றிலே நாடகம் முடிந்து ஒப்பனை கலைத்துக்கொண்டிருந்தேன். கல்லூரி மாணவன் ஒருவன் அருகே வந்தான். "அண்ணே, பேருந்திலே கூடப் படிக்கிறவர்கள் இருப்பார்கள். நடத்துநரிடம் 'காலனிக்கு ஒரு சீட்டு' என்று சொல்லக் கூசும். முந்தைய நிறுத்தத்திலேயே இறங்கி நடந்து போவேன்" என்றான். நாள்தோறும் ஒரு மைல்! நான் எழுதிய வசனங்கள் அத்தனையும் அந்த ஒரு மைலின் முன் வாயடைத்து நின்றன. பெயரிலே என்ன இருக்கிறது என்போர், அந்த ஒரு மைலை அவனோடு நடந்து பார்க்கட்டும்.

இது இன்று நேற்றுத் தொடங்கிய போர் அன்று. இழிவுப் பெயர்களை ஒழித்து 'ஆதிதிராவிடர்' என்று அழைக்கவேண்டுமென எம்.சி. ராஜா முழங்கினார், 1922இல் அப்பெயர் அரசு ஏட்டில் ஏறியது. பொதுச் சாலையில் நடக்கவும் பொதுக் கிணற்றில் நீர் எடுக்கவும் எவருக்கும் தடையில்லை என்ற தீர்மானம், இரட்டைமலை சீனிவாசன் முயற்சியால் 1924இல் சென்னைச் சட்டசபையில் நிறைவேறியது. பெயரின் வாலாகத் தொங்கிய சாதிப் பட்டத்தை வெட்டியெறியச் சொன்னது 1929ஆம் ஆண்டின் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு. தம் பட்டத்தைத் துறந்து வழிகாட்டினார் பெரியார். 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையிலே, பல சாதியினரும் அடுத்தடுத்த வீட்டில் வாழ முதல் சமத்துவபுரத்தைத் திறந்து வைத்தார் கலைஞர்.

ஆம், வரலாறு நம் பக்கம்! எனினும் வரலாற்றைச் சொல்லிக் கைதட்டல் பெறுவதற்காக இதை நான் எழுதவில்லை.

2022 டிசம்பரிலே, புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், ஒடுக்கப்பட்ட மக்கள் பருகும் நீர்த்தொட்டியிலே மனிதக் கழிவு கலக்கப்பட்டது. அத்தொட்டியின் மீது எந்தப் பெயரை எழுதியிருந்தாலும் அந்த நீர் தூய்மையாகியிருக்குமா? பெயர்ப் பலகையை மாற்ற அரசாணை போதும். பலகையைக் கடந்து செல்லும் மனிதனின் மனத்தை மாற்ற ஆணையிட எந்த அரசாலும் ஆகாது. அது நம் வேலை. கிளைக் கழகத்தின் வேலை.

நாம் அதைச் செய்கிறோமா? மேடையிலே சாதி ஒழிப்பு. வீட்டுத் திருமண அழைப்பிதழிலே சாதிப் பட்டம்! தேர்தல் வந்துவிட்டால், கொள்கையில் ஊறிய தொண்டனைத் தேடுமுன், "அந்த வட்டாரத்திலே எந்தச் சாதிக்கு எத்தனை வாக்கு?" என்று விரல் மடக்குவோர் நம்மிலே இல்லையா? உள்ளதைச் சொன்னால் உறுத்தும். உறுத்தட்டும், உறுத்தல் இல்லாத இடத்திலே திருத்தம் பிறப்பதில்லை.

நாடகக்காரன் நான், நன்றாக அறிவேன். வேடத்தை மட்டும் மாற்றிக்கொண்டு பழைய வசனத்தையே பேசும் நடிகனைக் கண்டு கொட்டகை சிரிக்கும். புதிய பலகையின் கீழ் பழைய பேச்சையே பேசினால், நாளைய தலைமுறை நம்மைப் பார்த்துச் சிரிக்கும்.

எனவே, தோழர்களே! பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. உங்கள் ஊரின் சுடுகாட்டுப் பாதை எல்லோருக்கும் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். தேநீர்க் கடையிலே எல்லோருக்கும் ஒரே குவளையா என்று பாருங்கள். கிளைக் கூட்டத்தை ஊருக்குள் ஒருமுறை நடத்தினால், நேற்றுவரை காலனி என்று அழைத்தோமே, அங்கே மறுமுறை நடத்துங்கள். அந்த வீட்டுத் திண்ணையில் அமருங்கள். தரும் தண்ணீரைப் பருகுங்கள். சாதி கடந்து மணம் புரிய ஓர் இளைஞனும் நங்கையும் முன்வந்தால், வாழ்த்தோடு நின்றுவிடாமல் காவலாகவும் நில்லுங்கள்.

தலைகுனிந்து நடந்த அந்த மாணவன், தன் ஊரின் பெயரை உரக்கச் சொல்லித் தன் நிறுத்தத்திலேயே இறங்கவேண்டும். இறங்கும் இடத்திலே "வா, தம்பி!" என்று வரவேற்க நம் தோழன் நிற்கவேண்டும். அன்றுதான், தோழர்களே, பலகை மாறியதற்குப் பொருள் உண்டு.