பொன்னாடை போதும்! எங்கள் கலைஞனை உட்காரவைத்துக் கேளுங்கள்!

கிள்ளானில் ஒரு கலை இரவு. மண்டபம் நிறைந்த கூட்டம். ஏழரை மணிக்குத் தொடங்க வேண்டிய நிகழ்ச்சி, டத்தோ வந்து சேராததால் எட்டே முக்காலுக்குத் தொடங்குகிறது. வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, திறப்புரை. எல்லாம் முடிந்த பிறகு "மூத்த கலைஞர்களுக்குச் சிறப்புச் செய்தல்" என்று அறிவிக்கிறார்கள். வேட்டி கட்டிய ஒரு முதியவர் தட்டுத் தடுமாறி மேடையேறுகிறார். பொன்னாடை, மாலை, கண்ணாடியில் ஒரு நினைவுச் சின்னம். "ஐயா, இந்தப் பக்கம் பாருங்க" என்கிறார் புகைப்படக்காரர். இரண்டு நிமிடம். அடுத்த பெயர்.

அந்த முதியவர் கையில் ஒலிவாங்கியை யாரும் கொடுக்கவில்லை.

மறுநாள் நாளேட்டில் படம் வருகிறது. டத்தோ முழுதாகத் தெரிகிறார். கலைஞரின் முகம் பாதி மாலைக்குள் மறைந்திருக்கிறது. ஐம்பது ஆண்டு மேடை கண்ட மனிதர் யாரிடம் கற்றார், என்ன கூலி வாங்கினார், எதை இழந்தார், ஏன் விடாமல் தொடர்ந்தார் என்ற கேள்விகளை யாரும் கேட்கவில்லை. இதற்குப் பெயர் கௌரவமா?

முதல் குற்றவாளி நான்

அடுத்தவரைக் குறை சொல்வதற்கு முன் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், கிள்ளானில் ஓர் அடுக்குமாடி வீட்டில் அப்படிப்பட்ட ஒரு பெரியவரைப் பார்க்கப் போனேன். தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மாரியம்மன் திருவிழா நாடகங்களில் பெண் வேடம் கட்டியவர். மரியாதைக்குப் பார்த்துவிட்டு வரலாம் என்று போன நான், மூன்று மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

"தம்பி, பத்திரிகைக்காரங்க வந்தா அஞ்சு நிமிசத்துல படம் புடிச்சிட்டுப் போயிருவாங்க. நீங்க உக்காந்திருக்கீங்களே" என்று அவர்தான் ஆச்சரியப்பட்டார்.

விடியற்காலையில் மரம் வெட்டும்போது வசனத்தை மனப்பாடம் செய்வாராம். ஒரு மரத்துக்கு ஒரு வரி. நிரை முடியும்போது ஒரு காட்சி முடிந்திருக்கும். புடவை, கிராணி வீட்டில் இரவல் வாங்கியது. விடிய விடிய ஆடிவிட்டு, அரிதாரத்தை அரைகுறையாகத் துடைத்துக்கொண்டு அப்படியே பெரட்டுக்குப் போய் நிற்பாராம். "மண்டோர் என் மூஞ்சியப் பாத்துச் சிரிப்பாரு தம்பி. ஆனா பேரு கொடுக்காம விட்டதில்ல" என்றார். கூலி? ஒரு துண்டு, ஐந்து வெள்ளி. சில வருடம் துண்டு மட்டும்.

கைப்பேசி என் சட்டைப் பையில்தான் இருந்தது. நான் பதிவு செய்யவில்லை. "அடுத்த வாரம் வந்து முறையா எழுதிக்கிறேன் ஐயா" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த அடுத்த வாரம் நான்கு மாதமானது. போனபோது வீடு பூட்டிக் கிடந்தது. பெரியவர் இறந்து இரண்டு மாதமாகிவிட்டது என்றார் எதிர்வீட்டு அம்மா. மகன் குடும்பம் வேறு ஊருக்குப் போய்விட்டது. அவர் கையால் வசனம் எழுதிவைத்த நோட்டுப் புத்தகங்கள்? பழைய பேப்பரோடு பேப்பராகப் போய்விட்டன.

அந்தப் பாவத்தில் அரசாங்கத்துக்குப் பங்கில்லை. அது முழுக்க என்னுடையது.

ஐந்து கேள்வி நேர்காணல்

நம் ஏடுகளிலும் வானொலியிலும் கலைஞர் நேர்காணல் வராமலில்லை. ஆனால் என்ன கேட்கிறோம்? "கலைத்துறைக்கு எப்படி வந்தீர்கள்? பிடித்த நடிகர் யார்? மறக்க முடியாத அனுபவம்? அடுத்த திட்டம்? ரசிகர்களுக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள்?" பெயரை மாற்றிவிட்டால் எந்தக் கலைஞருக்கும் இதே பதில் பொருந்தும்.

ஒரு தொழிலாளியின் மகன் பாடலாசிரியராவதற்கு எத்தனை ராத்திரி வேலை பார்த்திருப்பான்? முதல் இசைத்தட்டுக்குக் கடன் கொடுத்தது யார்? பேசிய பணத்தைக் கொடுக்காமல் ஏமாற்றிய ஏற்பாட்டாளர்கள் எத்தனை பேர்? திருமணமானதும் மேடையை விட்ட பெண்கள் எத்தனை பேர், விடச் சொன்னது யார்? இவையல்லவா கேள்விகள்! இவற்றுக்குப் பதில் வேண்டுமானால் பக்கத்தில் உட்கார வேண்டும். இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் போக வேண்டும்.

பொயட்டிக் அம்மோ குழு 1998-இல் வெளியிட்ட முதல் இசைத்தொகுப்பிலேயே ஆங்கிலம், மலாய், சீனத்தோடு தமிழும் ஒலித்தது. அதே குழுவின் யோகி பி, நட்சத்திரா குழுவோடு சேர்ந்து 2006-இல் 'வல்லவன்' தொகுப்பைத் தந்தார். 2007-இல் 'பொல்லாதவன்' படத்தில் அவர் குரல் தமிழ்நாட்டுத் திரையரங்குகளில் ஒலித்தது. அதன் பிறகுதான் நம்மில் பலர் "அட, நம்ம பையன்!" என்று நெஞ்சை நிமிர்த்தினோம். சென்னை முத்திரை குத்திய பிறகுதான் நம் பிள்ளை நமக்குக் கலைஞனாகத் தெரிகிறான். நடுவே கழிந்த அத்தனை ஆண்டு உழைப்பை நம் பிள்ளைகள் எந்தப் புத்தகத்தில் படிப்பார்கள்?

தீபக் குமாரன் மேனன் 2005-இல் 'செம்மண் சாலை' எடுத்தார். தோட்டத்து வாழ்க்கையைத் தமிழில் சொன்ன மலேசியப் படம். 2007-இல் அவரே 'சலங்கை' எடுத்தார். பூக்கட்டி விற்கும் ஒரு பிரிக்பீல்ட்ஸ் தாய், கார் கழுவும் மகன், பரதம் ஆட ஆசைப்படும் மகள். இது நம் தெருவில் தினமும் நடக்கும் கதை. அந்தத் தெருவில் இருப்பவர்களில் எத்தனை பேர் அதைப் பார்த்திருக்கிறோம்?

அரசாங்கத்தின் கணக்கு

நம் மெத்தனத்தைச் சொன்னதால் அரசாங்கம் தப்பித்துவிட முடியாது.

1971 ஆகஸ்டில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தேசியக் கலாசார மாநாடு கூடியது. தேசியக் கலாசாரக் கொள்கை அதிலிருந்து பிறந்தது. இந்த வட்டாரப் பூர்வகுடி மக்களின் கலாசாரமே அடித்தளம், பொருத்தமான பிற கலாசாரக் கூறுகளை ஏற்கலாம், இஸ்லாம் முக்கியக் கூறு என்ற மூன்று கோட்பாடுகள் வகுக்கப்பட்டன. "பொருத்தமான" என்ற சொல்லைக் கவனியுங்கள். பொருத்தமா இல்லையா என்று தீர்மானிப்பவர் யார்? உறுமி அடிக்கும் பையனிடம் கேட்டார்களா? தெருக்கூத்து ஆடியவரிடம் கேட்டார்களா?

நாட்டின் மிக உயரிய இலக்கிய விருதான தேசிய இலக்கியவாதி விருது 1981 முதல் வழங்கப்படுகிறது. அது மலாய் மொழிப் படைப்புகளுக்கு உரியது. ரெ. கார்த்திகேசு மலேசிய வானொலி தொலைக்காட்சியில் பணியாற்றினார், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார், ஒரு வாழ்நாள் முழுக்கத் தமிழில் எழுதி 2016-இல் மறைந்தார். எவ்வளவு எழுதியிருந்தாலும் அந்த விருதின் வாசற்படியை அவர் மிதித்திருக்க முடியாது. கெடா மாநில எழுத்தாளர் சீ. முத்துசாமிக்கு 2017-இல் விஷ்ணுபுரம் விருது கிடைத்தது. கொடுத்தது யார்? தமிழ்நாட்டு வாசகர்கள்!

2016-ஐ மறந்திருக்க மாட்டீர்கள். சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்', தோட்டத்தை விட்டுத் துரத்தப்பட்டு புறம்போக்கில் குடியேறிய நம் குடும்பங்களின் கதை. 28-ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் அதை 'மலாய் மொழியல்லாத படம்' என்று தனிப் பந்தியில் உட்காரவைத்தார்கள். மூத்த ஒளிப்பதிவாளர் முகமட் நோர் காசிம், தாம் வாங்கிய விருதுகளைத் திருப்பித் தருவதாக அறிவித்தார். எதிர்ப்பு பெருகியது. ஏற்பாட்டாளர்கள் இறங்கி வந்தார்கள். 'ஜகாட்' சிறந்த மலேசியப் படமாகத் தேர்வு பெற்றது.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள். கேட்டால் கதவு திறக்கும். முதலில் உரக்கக் கேட்டவர்களில் ஒரு மலாய்க் கலைஞரும் இருந்தார். ஆகவே இது மலாய்க்காரர்களுக்கு எதிரான சண்டையல்ல. கலைஞனை மொழியால் பிரித்து வைக்கும் கொள்கைக்கு எதிரான சண்டை.

சோறா, நேர்காணலா?

"வீட்டு வாடகை கட்டவே வழியில்லை. இதில் கலைஞன் வாழ்க்கையைப் பதிவு செய்வதா முக்கியம்?" என்று சில தோழர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி.

ஆனால் அந்தக் கலைஞன் யார்? பகலில் லாரி ஓட்டி இரவில் தவில் அடிப்பவன். தொழிற்சாலையில் ஷிப்டு முடித்துவிட்டு வந்து பாட்டு எழுதுபவன். அவன் பேசினால் நம் கூலி வரலாறு பேசும். தோட்டம் துண்டாடப்பட்ட கதை பேசும். இந்த வரலாறு பாடநூலில் வராது. தோட்டத்து நாடகக்காரரின் அந்த ஐந்து வெள்ளியை எந்த அரசாங்க ஆவணமும் குறித்து வைக்கவில்லை.

இன்னொன்று, கேட்டால்தான் உரிமையும் தெரியும். சுயதொழில் செய்வோருக்கான சமூகப் பாதுகாப்புச் சட்டம் 2017-இல் வந்தது. 2020 முதல் கலைத்துறையினரும் அதன்கீழ் சொக்சோவில் சந்தா கட்டிப் பாதுகாப்புப் பெற வழி உண்டு. மேடையில் விழுந்து காலை உடைத்துக்கொண்ட கலைஞனுக்கு நன்கொடை வசூலிக்கும் நாம், விழுவதற்கு முன் "சொக்சோவில் பதிந்துகொண்டீர்களா அண்ணே?" என்று கேட்டோமா?

பக்கத்து வீட்டைப் பாருங்கள்

சிங்கப்பூரில் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு 1979-லேயே தொடங்கப்பட்டது. சாதாரண மக்களும் கலைஞர்களும் மணிக்கணக்கில் பேசி, அது அரசாங்கக் காப்பகத்தில் இருக்கிறது. அங்கே கலைத்துறையின் உயரிய கலாசாரப் பதக்கம் தமிழில் எழுதுவோருக்கும் உண்டு. மா. இளங்கண்ணன் 2005-இல் பெற்றார். பி. கிருஷ்ணன் 2008-இல் பெற்றார். க.து.மு. இக்பால் 2014-இல் பெற்றார். இவர்களில் கிருஷ்ணன் நம் ஜொகூரில் பிறந்தவர்! தமிழர் தொகை நம்மைவிட மிகக் குறைவான தீவில் முடிகிற காரியம் இங்கே ஏன் முடியவில்லை?

இங்கும் முயற்சி இல்லாமல் இல்லை. வல்லினம் குழுவினர் மலேசிய எழுத்தாளர்களிடம் விரிவான நேர்காணல்கள் எடுத்தார்கள், ஆவணப்படங்களும் எடுத்தார்கள். சொந்தக் காசு, சொந்த நேரம். அவர்களின் இலக்கியக் கருத்துகளோடு உங்களுக்குச் சண்டை இருக்கலாம். ஆனால் உட்கார்ந்து கேட்டார்கள். எழுத்தாளர்களுக்கு நடந்தது நாதஸ்வரக்காரருக்கும், நாடக நடிகைக்கும், உறுமி மேளக் குழுவுக்கும் நடக்க வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸைப் பாருங்கள். ரயில்வே தொழிலாளர்கள் வாழ்ந்த மண். அங்கிருந்த ரயில்வே நிலத்தில் 2001-இல் கே.எல். சென்ட்ரல் எழுந்தது. 2010-இல் இரு நாட்டுப் பிரதமர்கள் வந்து 'லிட்டில் இந்தியா' திறந்தார்கள். வளைவு வந்தது, நீரூற்று வந்தது, வண்ண விளக்கு வந்தது. சுற்றுப்பயணி படம் பிடிக்க எல்லாம் வந்தது. அந்தத் தெருவில் பாடியவன், ஆடியவன், மேளம் அடித்தவன் குரலைக் கேட்க ஒரு சின்ன அறையாவது கேட்டோமா?

1924-இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019-இல் நின்றே போனது. நம் கலைஞர்களின் பெயரை அன்றாடம் அச்சில் ஏற்றிய ஏடு. ஏடும் நிற்கும், மனிதனும் போவான். யாருக்காகக் காத்திருக்கிறோம்?

என்ன செய்யலாம்?

மானியம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இன்று எல்லார் கையிலும் கைப்பேசி இருக்கிறது.

உங்கள் ஊரில், உங்கள் அடுக்குமாடியில், உங்கள் கோயிலில் இருக்கும் மூத்த கலைஞர் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். அனுமதி கேட்டுப் பதிவு செய்யுங்கள். ஒரு முறையோடு நிறுத்தாதீர்கள். முதல் நாள் அவர் மேடையில் சொல்வதைத்தான் சொல்வார். மூன்றாம் நாள்தான் மனசு திறக்கும். பழைய நோட்டீசு, படம், நோட்டுப் புத்தகம் எல்லாவற்றையும் படம் எடுங்கள். மூன்று பேரிடம் பிரதி வையுங்கள். கூலியைப் பற்றிக் கேளுங்கள், குருவைப் பற்றிக் கேளுங்கள், வீட்டில் அழுத நாளைப் பற்றியும் கேளுங்கள். சொல்ல விருப்பமில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களே, இதை மாணவர்களுக்கு ஒரு பணியாகக் கொடுங்கள். கோயில் நிர்வாகத்தினரே, திருவிழா வாணவேடிக்கைச் செலவில் ஒரு பங்கை ஒதுக்குங்கள். கலை இரவு நடத்தும் ஏற்பாட்டாளர்களே, பொன்னாடை வாங்கும் காசை அந்தக் கலைஞர் கையில் கொடுங்கள். ஒலிவாங்கியையும் கொடுங்கள். டத்தோ கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

அரசாங்கத்திடம் கேட்க வேண்டியதையும் விடப்போவதில்லை. இந்நாட்டில் தமிழில் பிறக்கும் கலை இந்நாட்டின் கலை. அதற்குத் தேசிய விருதிலும் ஆவணக் காப்பகத்திலும் சமமான இடம் வேண்டும். ஆனால் அந்த இடம் கிடைக்கும் நாளில் அங்கே கொண்டுபோய் வைக்க நம் கையில் என்ன இருக்கப்போகிறது? கண்ணாடி நினைவுச் சின்னமா?

கிள்ளான் பெரியவரின் வசனங்கள் போய்விட்டன. ஒரு மரத்துக்கு ஒரு வரி என்று அவர் சொன்னது மட்டும் என்னிடம் மிச்சம். உங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் இன்னும் இருக்கிறார். இந்த ஞாயிற்றுக்கிழமை போய் உட்காருங்கள்.