எலுமிச்சம்பழம் மட்டும் போதாது

வாகன பூசைக்கு டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைக்கக் குனிகிறபோதெல்லாம் பார்க்கிறோம். பழைய சாகா, கன்சில் கார்களில் முன் ரிம்மின் உள்பக்கம் கறுப்பா கிரீஸ் தெறிச்சிருக்கு. கேட்டா, "ஓடுதுல்ல, சத்தம் வரட்டும் பார்ப்போம்" என்கிறார்கள்.

இந்தப் பேச்சைத்தான் எதிர்க்கிறோம். டிரைவ் ஷாஃப்ட் பூட் கிழிந்தால், சக்கரம் சுற்றும் வேகத்தில் கிரீஸ் வெளியே தெறிக்கும். செம்பனைத் தோட்டத்து மண்ணும் மழைத்தண்ணியும் உள்ளே போகும். திரும்பும்போது 'டக் டக்'னு கேட்டால் ஜாய்ன்ட் ஏற்கெனவே தேய்ந்தாச்சு. அப்புறம் புது ரப்பர் போட்டு என்ன பயன்?

அதேபோல, சத்தமே இல்லாத ஷாஃப்டை முழுசா மாத்தணும்னு ஒர்க்‌ஷாப்பில் சொன்னா உடனே தலையாட்டாதீங்க. ஜாய்ன்டைக் கழற்றிக் கழுவி, தேய்மானத்தைக் காட்டச் சொல்லுங்க. நல்லா இருந்தா பூட், கிளிப், புது கிரீஸ் போதும்.

ஒரு பக்கம் இரண்டு, மொத்தம் நாலு பூட். ஸ்டீரிங்கை முழுசா ஒடித்து, டார்ச் அடித்துப் பாருங்க. புக்கிட் ரோத்தான் பக்கத் தோட்டத்திலிருந்து தஞ்சோங் காராங் மருத்துவமனைக்குப் பாட்டியை ஏற்றிப் போகிற கார் அது. நடுவழியில் நின்றால் யாரைக் குறை சொல்வது? அடுத்த பூசைக்கு வருமுன் நீங்களே ஒருமுறை குனிந்து பாருங்க.