ஏரியில் படகு விடலாமா? ஆவடியும் செம்பரம்பாக்கமும் ஒண்ணில்லை

ஆவடி: மேற்கு புறநகரில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குடும்பத்தோட காத்தாட உட்கார இடம் ரொம்ப கம்மி. அந்தக் குறையை கொஞ்சம் தீர்த்தது ஆவடி பருத்திப்பட்டு ஏரி. சுமார் 28 கோடி ரூபாய் செலவில் கரையைச் சீரமைத்து, நடைபாதை போட்டு, 2019 ஜூனில் பசுமை பூங்காவாகத் திறந்தார்கள். படகு சவாரியும் வந்தது.

அப்போ பூந்தமல்லி பக்கம் செம்பரம்பாக்கத்திலும் படகுத்துறை கட்டினால் என்ன?

அங்கேதான் சிக்கல். அது சென்னைக்கு குடிதண்ணீர் தரும் ஏரி. கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. படகுத்துறை வந்தால் பின்னாடியே ஓட்டல், கழிப்பறை, கார் நிறுத்தம் எல்லாம் வரும். அந்தக் கழிவு எங்கே போகும்? கடைசியில் குழாயடியில் குடத்தோடு நிற்பவர் தலையில்தான் விடியும்.

இன்னொன்று வெள்ளம். 2015 டிசம்பர் 1-ந்தேதி இங்கிருந்து அடையாற்றில் திறந்த உபரிநீர் வினாடிக்கு 29 ஆயிரம் கனஅடி. ஆற்றங்கரை வெளிநிலம் சும்மா கிடக்கிற நிலமில்லை. தண்ணீர் பரவ வேண்டிய இடம். அங்கே கட்டிடம் எழும்பினால் வெள்ளம் ஊருக்குள் வரும்.

முட்டுக்காட்டில் படகு ஓடுகிறதே என்கலாம். அது உப்பங்கழி, யாரும் குடிக்கிற தண்ணீர் இல்லை.

ஆகவே கணக்கு இதுதான்: குடிநீர் ஏரி என்றால் நடைபாதையோடு நிறுத்த வேண்டும். மற்ற ஏரி என்றால் முதலில் சாக்கடையை அடைக்க வேண்டும், படகு அப்புறம்.