வாளும் வேண்டா, சட்டமும் வேண்டா

மதமாற்றத்தைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்னும் குரல் இலங்கையில் அவ்வப்போது எழுந்து அடங்குவதையும், 2004ஆம் ஆண்டில் அது ஒரு சட்டமூலமாகவே பாராளுமன்றத்தை எட்டியதையும் அறிந்தவர்கள், சிலாபத்துக்கு வடக்கே கடலோரத்தில் இருக்கும் உடப்பைச் சற்றே சிந்தித்துப் பார்த்தல் நலம்.

அச்சத்தால் சமயத்தைக் காக்க முயன்ற அரசர்கள் நம் சரித்திரத்திலும் உண்டு, பிறர் சரித்திரத்திலும் உண்டு. பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குருவிடம் மன்னார் மக்கள் ஞானஸ்நானம் பெற்றபோது, அது தன் ராஜ்யத்துக்குள் போர்த்துக்கேயரின் பிரவேசமே என்று கருதிய யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னன், 1544இல் அவர்களில் அறுநூறு பேருக்கு மேற்பட்டோரைக் கொல்வித்தான் என்பர். அதே சவேரியார் 1549இல் கால்வைத்த யப்பானிலோ, 1597இல் 26 பேர் நாகசாக்கியில் சிலுவையில் அறையப்பட்டனர். 1614இல் நாடெங்கும் கிறிஸ்தவம் தடைசெய்யப்பட்டது. பின்னர், யேசுவின் உருவம் பொறித்த பலகையைக் காலால் மிதித்துத் தம் விசுவாசத்தை மறுக்குமாறு குடிமக்கள் வரிசையாக நிறுத்தப்பட்டனர்.

அந்நியரின் குருவுக்குப் பின்னே பீரங்கியும் வரும் என்ற அவ்வரசர்களின் அச்சம் ஆதாரமற்றதன்று. யாழ்ப்பாணம் 1619இல் போர்த்துக்கேயர் கையில் வீழ்ந்ததும், அவர்களால் முன்னேசுவர ஆலயம் இடிக்கப்பட்டதும் மெய்யே. ஆயினும், பீரங்கி ஏந்தியவனை விட்டுவிட்டு ஜெபமாலை ஏந்திய ஏழையை வெட்டியது நியாயமுமன்று, பயனுடையதுமன்று. மன்னார் இன்றும் கத்தோலிக்கர் நிறைந்த பூமி. நாகசாக்கியில் இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக மறைந்து வாழ்ந்த விசுவாசிகள் 1865இல் ஒரு பாதிரியார் முன் வெளிப்பட்டனர். இலங்கையில் கத்தோலிக்கரை ஒடுக்கிய ஒல்லாந்தரும் கிறிஸ்தவரே. அவர்கள் கத்தோலிக்கத்தைத் தடைசெய்த காலத்தில் கோவாவிலிருந்து வேடம் மாறி வந்த யோசவ்வாஸ் அடிகளுக்குப் புகலிடமானது பௌத்த மன்னரின் கண்டி ராஜ்யம்.

இனி உடப்பைப் பாருங்கள். கற்பிட்டி முதல் சிலாபம் வரை தேவாலயங்கள் நிறைந்த கரையில், மீன்பிடித்து வாழும் இந்துத் தமிழர்களின் ஊர் அது. அங்கே சமயத்தைக் காத்தது வாளுமன்று, சட்டமுமன்று. ஆடி மாதத்தில் 18 நாள் உற்சவமெடுத்து, விரதமிருந்து, திரௌபதை அம்மன் சந்நிதியில் தீமிதிக்கும் ஊர் அது. கரைவலை இழுக்கையில் ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, கயிற்றைப் பற்றி நிற்பவர்கள் அதை வாங்கிப் பாட, அந்த அம்பாப் பாட்டின் தாளத்துக்கு வலை கரையேறும். தொழிலும் பக்தியும் ஒரே கயிற்றில் முறுக்குண்ட இத்தகைய வாழ்விலிருந்து ஒருவனை ஆசை காட்டிப் பிரித்தல் எளிதன்று.

வறுமையைப் பயன்படுத்தி மதம் மாற்றுவோர் இல்லையா என்று கேட்கலாம். இருக்கக்கூடும்; பலாத்காரத்தையும் வஞ்சகத்தையும் தண்டிக்கப் பொதுச் சட்டங்களே போதும். ஆனால் மனமுவந்து மாறுகிறவனை மறிக்க ஒருவருக்கும் உரிமையில்லை. கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அடுப்பெரியாத வீட்டின் வாசலுக்கு முதலில் செல்ல வேண்டியவர் ஆலயத் தர்மகர்த்தாவே; அவர் செல்லத் தவறிய வீட்டுக்குப் பாதிரியார் சென்றாரென்றால், குறைகூற வேண்டியது பாதிரியாரையன்று.