பிறப்பைக் கேட்டா பாட்டைக் கேட்பது?



ஹனுக்கா என்னும் யூதர்களின் ஒளி விழாவுக்கென எழுதப்பட்ட சிறுவர் பாடல்கள் சிலவற்றை, ஆண்டிறுதி விடுமுறையில் ஆசிரிய நண்பர்கள் சிலரோடு பகிர்ந்துகொண்டேன். அவற்றை எழுதியவர் வூடி கத்ரி என்னும் மறைந்த அமெரிக்கப் பாடகர். அவரைப் பற்றிய சிறு குறிப்பையும் சேர்த்திருந்தேன். வந்த மறுமொழிகளில் பாராட்டைவிடக் கண்டனமே மிகுதி. "அவர் யூதரே அல்லரே, அடுத்தவர் விழாவுக்கு இவர் ஏன் பாட்டுக் கட்ட வேண்டும்?" என்றார் ஒருவர். "காஸாவில் பிள்ளைகள் மடிந்திருக்க, யூதப் பாட்டு ஒரு கேடா?" என்றார் இன்னொருவர். மூன்றாமவரோ, "குழந்தைப் பாட்டுத்தானே, இதற்கு இத்தனை ஆரவாரமா?" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். மூவரும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கின்றவர்கள். அதனால்தான் வாளாவிருக்க இயலவில்லை.

வூடி கத்ரி 1912ஆம் ஆண்டு ஒக்லஹோமா மாநிலத்தின் ஒக்கீமா என்னும் சிற்றூரில் பிறந்தவர். 1937இல் லாஸ் ஏஞ்சலஸ் வானொலியில் மலைநாட்டுப் பாடல்களைப் பாடிப் புகழ்பெற்றார். கன்ட்ரி இசையின் முன்னோடிகளான கார்ட்டர் குடும்பத்தாரின் மெட்டுகளைத் தம் பாடல்களுக்குத் தாராளமாய் எடுத்தாண்டார். நாட்டார் இசைக்காரர் என்றே பலரும் அவரை எழுதுகின்றனர்; ஆயினும் கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில் நகரம், 1977இல் தன் பாடலாசிரியர் பெருமன்றத்தில் அவரைச் சேர்த்துக்கொண்டது. எந்தப் பெட்டியில் அடைப்பது என்னும் கவலை கடைக்காரருக்குரியது; நமக்கு வேண்டியதில்லை.

பிறப்பைக் கொண்டு பாட்டை அளக்கும் முதலாமவர் இதையும் அறிந்துகொள்ளட்டும். கத்ரி பிறந்த மண் இனவெறி ஊறிய மண். அவர் பிறப்பதற்கு ஓராண்டு முன்னர், 1911இல், அவ்வூருக்கு அருகிலேயே கறுப்பினத் தாய் ஒருத்தியையும் அவள் மகனையும் ஒரு கும்பல் பாலத்தில் தூக்கிலிட்டுக் கொன்றது. அந்தக் காற்றைச் சுவாசித்து வளர்ந்த கத்ரியும் தொடக்கக் காலத்தில் கறுப்பினத்தாரை இழிக்கும் சொல் கொண்ட பாடலொன்றை வானொலியில் கூசாமல் பாடியவர்தாம். கறுப்பின நேயர் ஒருவர் கடிதம் எழுதிக் கண்டித்தார். கத்ரி அதே வானொலியில் மன்னிப்புக் கேட்டார். அதன்பின் அந்தப் பாடலை விட்டொழித்தார். ஒரு மனிதரைப் பிறந்த இடத்திலேயே கட்டிவைத்துவிட முடியுமா?

பின்னாளில் அவர் மணந்தது மார்ஜோரி மேசியா என்னும் யூதப் பெண்மணியை. மார்த்தா கிரகாமின் நடனக் குழுவில் ஆடியவர் அவர். நியூயார்க்கின் கோனி தீவில், மெர்மெய்ட் அவென்யூவில் இருவரும் குடியிருந்தனர். அருகிலேயே மாமியார் அலிசா கிரீன்பிளாட் வாழ்ந்தார். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்தவர், இத்திஷ் மொழியில் பெயர்பெற்ற கவிஞர். மாமியார் கவிஞர், மருமகன் பாடகர்! இப்படியொரு வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்? மாமியார் வீட்டு வெள்ளிக்கிழமை விருந்தும், அக்கம்பக்கத்து யூதப் பிள்ளைகளின் ஆரவாரமும், அவர்தம் விழாக்களும் கத்ரியின் அன்றாட வாழ்வாயின. 1949ஐ ஒட்டி அந்தப் பிள்ளைகளின் ஹனுக்கா கொண்டாட்டத்திற்கென அவர் எழுதியவையே இப்பாடல்கள். அடுத்தவர் விழாவாம்! தன் பிள்ளைகளின் பாட்டி வீட்டு விழா எப்படி அடுத்தவர் விழாவாகும்?

இன்னொன்றும் கேட்கிறேன். உலகெங்கும் கிறிஸ்துமஸ் காலத்தில் ஒலிக்கும் 'வைட் கிறிஸ்மஸ்' பாடலை எழுதியவர் இர்விங் பெர்லின். அவர் யூதர், ரஷ்யப் பேரரசிலிருந்து சிறுவயதில் குடியேறியவர். டிசம்பர் மாதத்தில் பேரங்காடிகளில் அப்பாட்டைக் கேட்டுக்கொண்டே பொருள் வாங்குகிறோமே, அங்கே யாராவது இவர் பிறப்பை விசாரித்தோமா?

இரண்டாமவரின் கேள்வியை அவ்வளவு எளிதில் தள்ளிவிட நான் விரும்பவில்லை. காஸாவின் பிள்ளைகளுக்காகக் கலங்காத நெஞ்சம் ஆசிரியத் தொழிலுக்கே ஆகாது. ஆனால் ஓர் அரசு செய்வதற்கு ஒரு மக்களின் விளக்கு எப்படிப் பொறுப்பாகும்? இஸ்ரேல் அரசு 1948இல் தோன்றியது. ஹனுக்காவோ இரண்டாயிரம் ஆண்டைக் கடந்தது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் நான்காம் அந்தியோக்கு என்னும் மன்னன் யூதரின் வழிபாட்டைத் தடைசெய்து எருசலேம் கோவிலைத் தீட்டுப்படுத்தினான். மக்கபேயர் என்போர் சிறு படையோடு எதிர்த்து நின்று கோவிலை மீட்டனர். ஒருநாள் எண்ணெய் எட்டு நாள் எரிந்தது என்னும் கதை, மக்கபேயர் நூல்களில் இல்லாமல் பிற்காலத் தல்மூதிலேயே வருகிறது. எளியோரை வலியோர் நசுக்கலாகாது என்பதுதான் அந்த விழாவின் உட்கிடை. இதை நன்றாகக் கேட்ட பிள்ளை காஸாவின் பிள்ளைக்காகவும் அழும். கேளாத பிள்ளைதான் அழாது.

பாடியவரையும் பாருங்கள். 1948 ஜனவரியில் கலிபோர்னியாவில் ஒரு வானூர்தி விழுந்து, நாடுகடத்தப்பட்டுக்கொண்டிருந்த 28 மெக்சிகோ நாட்டுத் தொழிலாளர்கள் மாண்டனர். விமானப் பணியாளர்களின் பெயரைச் சொன்ன செய்திகள், மற்றவர்களை வெறும் 'நாடுகடத்தப்படுவோர்' என்று சொல்லிக் கடந்தன. பொறுக்காத கத்ரி அவர்களுக்காக ஒரு கவிதை எழுதினார்; பின்னர் வேறொருவர் மெட்டமைக்க, கன்ட்ரி பாடகர்கள் பலர் அதைப் பாடினர். அந்தத் தொழிலாளர்களின் கல்லறையில் பெயர்கள் பொறிக்கப்பட்டது 2013இல்தான்! இப்படிப்பட்டவர் எழுதிய பாட்டையா அநீதியின் பாட்டு என்பது?

இனி, குழந்தைப் பாட்டுத்தானே என்றவர். எனக்கு மிகுந்த சினம் மூட்டியது இந்த மறுமொழிதான். ஒரு தாள், பத்து நிமிடம், எதுகைக்கு நாலு சொல் கிடைத்தால் போதும் என்று குழந்தைப் பாட்டு எழுதுகிறவர்களும், அதையே ஆண்டுக்கு ஆண்டு விழா மேடையில் ஏற்றுகிறவர்களும் நம்மிடையே உண்டு. கத்ரி யூத வரலாற்றைத் தேடிக் கற்றார், அதன்பின் எழுதினார். ஒரு பாட்டு பிள்ளைகளைக் கைகோத்து ஆடச் சொல்கிறது. ஒன்று பம்பரம் சுழற்றுகிறது. மற்றொன்று மெழுகுவத்திகளை எண்ணிக்கொண்டே கதை சொல்கிறது. எண்ணும் கற்பித்தாயிற்று, கதையும் சொல்லியாயிற்று! அந்த எண்ணிக்கையில் கொலையுண்ட ஏழு புதல்வர்களும் வருகிறார்கள். சாவைப் பிள்ளைகளிடமிருந்து அவர் ஒளிக்கவில்லை. 1947 பிப்ரவரியில்தான் தம் நான்கு வயது மகள் கேத்தியைத் தீயில் பறிகொடுத்திருந்தார். அந்தக் கை எழுதியது இது. இதைச் சிறு வேலை என்போரை என்னென்பது?

அமெரிக்கர்கள் மட்டும் அவரை முழுமையாக நினைவுகூர்ந்தார்களா என்றால், இல்லை. அவருடைய புகழ்பெற்ற நாட்டுப் பாடலைப் பள்ளிதோறும் பாடவைத்தார்கள். தனியார் வேலியையும் பசித்தோர் வரிசையையும் சொல்லும் அடிகளைப் பல இடங்களில் கத்தரித்துவிட்டார்கள்.

ஹனுக்காப் பாடல்களுக்கு நேர்ந்தது வேறு. ஹன்டிங்டன் நோய் கத்ரியின் உடலையும் மனத்தையும் சிறுகச் சிறுகத் தின்றது. நீண்ட காலம் மருத்துவமனைகளில் கிடந்து 3.10.1967இல் தம் 55ஆம் அகவையில் மறைந்தார். சாம்பலைக் கோனி தீவின் கடலில் சேர்த்தார்கள். பாடல்களில் பெரும்பாலானவை மெட்டின்றித் தாள்களிலேயே கிடந்தன. 1990களின் இறுதியில் மகள் நோரா அவற்றை வெளிக்கொணர்ந்து, கிளெஸ்மாடிக்ஸ் என்னும் யூத இசைக் குழுவிடம் ஒப்படைத்தார். அவர்கள் மெட்டமைத்து 2006இல் இசைத்தட்டாக வெளியிட்டனர். எழுதியபோது கேட்டிருக்க வேண்டிய பிள்ளைகள் அதற்குள் பாட்டன் பாட்டிகளாகியிருப்பார்கள்.

கத்ரியின் சொந்தக் குரலில் கேட்க விரும்புவோர் 'தி மெனி அண்ட் தி ஃபியூ' பாடலிலிருந்து தொடங்கலாம். மக்கபேயர் கதையை அதில் அவரே பாடிப் பதிவுசெய்திருக்கிறார். மூன்றாம் நண்பருக்கு அதை மறுபடியும் அனுப்பியிருக்கிறேன். மறுமொழி இன்னும் வரவில்லை.