படி கட்டி வெச்சா மீன் ஏறிடுமா?

ஐப்பசி மழையில கண்மாய் நிறைஞ்சு கலிங்கு வழிஞ்சா, எதிர்த்து வர்ற தண்ணியில மீன் ஏறும். குளத்தூர் வட்டாரத்துக்காரங்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனா, கலிங்கு ரெண்டடி உயரம். மேட்டூர் அணை 120 அடி தண்ணீர் தேக்குற அணை. அங்கே மீன் என்ன செய்யும்?

உல்லம் மீனைக் கேட்கணும். வங்காளிகள் 'இலிஷ்'னு உயிரை விடுறாங்களே, அதேதான். கடல்ல வாழ்ந்து, முட்டையிட ஆத்துக்குள்ள வரும். ஒரு காலத்துல காவிரியிலயும் ஏறிவந்த மீன் இது. 1934-ல் மேட்டூர் அணை வந்த பிறகு வெள்ளம் குறைஞ்சது, வழியும் அடைஞ்சது, உல்லமும் அருகிப்போச்சு.

அணை கட்டினவங்க மீனை மறந்துட்டாங்கன்னு சொல்ல முடியாது. கொள்ளிடத்துல அணைக்கரையில ஆங்கிலேயர் காலத்துலேயே மீன் ஏற வழி அமைச்சுப் பார்த்தாங்க. உல்லம் அதைச் சட்டை பண்ணலை. காரணம் எளிமையானது. அந்தப் படிகளோட மூல வடிவம், தாவித் தாவி ஏறுற சால்மன் மீனுக்கானது. உல்லம் தாவாது, நீந்தும். அமெரிக்காவின் கொலம்பியா ஆத்துல, 1938-ல் இயங்க ஆரம்பிச்ச பான்வில் அணையில படிகள் பலன் தந்ததுக்கு, அந்த ஊர் மீனுக்கு அது பொருந்தினதுதான் காரணம். வெளிநாட்டு வரைபடத்தை அப்படியே இறக்குமதி பண்ற பழக்கம் நமக்கு இன்னும் போகலை!

கங்கையிலயும் இதே கதைதான். 1975-ல் ஃபராக்கா தடுப்பணை வந்ததும் அலகாபாத் வரைக்கும் போன இலிஷ் நின்னுபோச்சு. இப்போ மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்துக்காரங்க மீனைப் பிடிச்சு அணைக்கு மேலே கொண்டுபோய் விடுறாங்க. ஃபராக்காவுல கப்பல் போற புதுப் பூட்டுக் கதவை, மீன் நடமாடுற நள்ளிரவு 1 மணியிலிருந்து 5 மணி வரை கொஞ்சம் திறந்துவைக்கும் திட்டத்தை 2019-ல் அறிவிச்சாங்க. எனக்கு ரெண்டாவதுதான் சரியாப்படுது. லாரியில ஏத்திவிடுறது முதலுதவி, அவ்வளவுதான். வருஷா வருஷம் யார் ஏத்துவாங்க?

விலாங்கு கதை நேரெதிர். கடல்ல பிறந்து, குஞ்சா ஆத்துல ஏறி வளர்ந்து, மறுபடி முட்டையிடக் கடலுக்குத் திரும்பும். அதுக்கு மேலே ஏறவும் வழி வேணும், கீழே இறங்கவும் வழி வேணும். ஈரமான சொரசொரப்புச் சரிவு இருந்தா குஞ்சுகள் ஊர்ந்தே ஏறிடும்.

காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக் கால்வாய்க்கு 2021-ல் நம்ம புதுக்கோட்டை மாவட்டத்துலதான் அடிக்கல் நாட்டினாங்க. கால்வாய்க்குள்ள எங்கெங்கே தடுப்பு வருது, மீன் போக அதுல இடம் இருக்கான்னு இப்போவே கேட்கலாம். உங்க ஊர்க் கலிங்கைப் புதுசா கட்டினாலும் ஒண்ணு கேளுங்க. கீழ்ப்பக்கம் செங்குத்துச் சுவருக்குப் பதிலா, கருங்கல்லைப் பரப்பிச் சரிவா விட முடியுமா?