நால்வர் வழியே ஒரு கதை

கணினி விளையாட்டில் தோற்றவர் மீண்டும் தொடங்கலாம். இழந்த உயிரையும் ஒரு பொத்தானை அழுத்தித் திரும்பப் பெறலாம். இவ்வழக்கத்திலிருந்து விலகி நின்ற படைப்பு ‘ஹெவி ரெயின்’. பெருமழை என்பது அதன் பொருள்.

பாரிஸ் நகரின் குவாண்டிக் டிரீம் நிறுவனம் உருவாக்கிய இவ்விளையாட்டு, 2010ஆம் ஆண்டு பிளேஸ்டேஷன் 3 கருவிக்காக வெளிவந்தது. டேவிட் கேஜ் இதனை எழுதி இயக்கினார். அமெரிக்க நகரம் ஒன்றில் மழைக்காலத்தில் சிறுவர்கள் கடத்தப்பட்டுக் கொல்லப்படுகின்றனர். இக்கதையை நால்வர் வழியாகக் காண்கிறோம். ஒருவர் கடத்தப்பட்ட மகனைத் தேடும் தந்தை. மற்றையோர் தனியார் துப்பறிவாளர், எஃப்.பி.ஐ. அதிகாரி, பத்திரிகையாளர் ஆகியோர். ஒருவர் அறிந்ததை மற்றவர் அறியார். நால்வராகவும் மாறி மாறி விளையாடுபவருக்கே முழுக்கதையும் சிறிது சிறிதாகப் புலப்படும்.

இதன் தனிச்சிறப்பு முடிவெடுக்கும் பொறுப்பில் உள்ளது. பள்ளியிலிருந்து திரும்பிய மகனுக்குச் சிற்றுண்டி கொடுத்து, வீட்டுப்பாடம் செய்யவைத்து, உரிய நேரத்தில் உறங்கவைப்பதா, கவனியாது விடுவதா என்பதும் விளையாடுபவர் கையில்தான். பின்வரும் ஆபத்தான கட்டங்களில் முதன்மை மாந்தர் ஒருவர் இறந்தாலும் கதை நிற்பதில்லை. அவர் இல்லாமலே தொடர்கிறது. அவர் கண்டறிந்திருக்கக்கூடிய உண்மையும் அவரோடு மறைகிறது. ஆதலால் முடிவுகளும் பலவாகின்றன.

“இது விளையாட்டன்று, திரைப்படமே” என்று குறை கூறுவோர் உளர். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும், திரைப்படம் பார்ப்பவர் ஒரு பாத்திரத்தின் தவற்றைப் பிறர் தவறு எனக் கடந்துவிடலாம். இங்கோ தவறு செய்த கை விளையாடியவருடையது. பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு 2011இல் கதைக்கான விருதை இதற்கு வழங்கியது பொருத்தமே.

எனினும், இது சிறுவர்க்குரியதன்று. ஐரோப்பாவில் இது 18 வயது நிரம்பியோர்க்கு மட்டுமே எனத் தரக்குறியீடு பெற்றுள்ளது. அண்ணன் விளையாடும்போது தம்பியும் அருகில் அமர்ந்து பார்ப்பது பல இல்லங்களில் இயல்பு. “நல்ல கதைதானே, பார்த்தால் என்ன?” என்று அவன் கேட்கக்கூடும். நல்ல கதை என்பதாலேயே வரம்பு மிகவும் தேவை. கொலையை வேடிக்கையாகக் காட்டும் விளையாட்டு விரைவில் மறந்துபோகும். கொலையின் துயரை உணர்த்தும் விளையாட்டோ மனத்தில் தங்கும். அதனைத் தாங்கப் பக்குவம் வேண்டும். அப்பக்குவம் வரும்வரை காத்திருப்பது இழப்பன்று. செய்த செயலுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்னும் இதன் கருத்தை மட்டும் எவ்வயதினரும் இன்றே ஏற்கலாம்.

சிந்தித்து எழுதுக
1. முதன்மை மாந்தர் இறந்த பின்னும் கதை தொடர்வதால் விளையாடுபவரின் பொறுப்பு எவ்வாறு கூடுகிறது?
2. “நல்ல கதைதானே, பார்த்தால் என்ன?” என்று கேட்கும் தம்பிக்கு நீவிர் கூறும் விடை யாது?